ஸ்டூடியோ பாட்டரி: 'வனைஞர் கலம்'னு வைக்கலாமா?

வணக்கம். ஸ்டூடியோ பாட்டரிங்கற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்ல 'கலைக்கூட மட்பாண்டம்'னு இங்க முன்னாடி வந்த யோசனை எனக்குச் சரியாப் படல. ஸ்டூடியோன்னதும் கூடம்னு போட்டுட்டோம், ஆனா அந்தச் சொல் இங்க இடத்தைச் சொல்ல வரல. தொழிற்சாலைல ஒருத்தர் வடிவம் வரைவார், இன்னொருத்தர் அச்சுல வார்ப்பார், வேற ஒருத்தர் பூச்சுல (கிளேஸ்) முக்குவார். அப்படி இல்லாம மண்ணைப் பிசையறதுலேர்ந்து சூளையைத் திறக்கற வரைக்கும் ஒரே ஆளோ ஒரு சின்னக் குழுவோ பொறுப்பேத்துக்கறதுதான் ஸ்டூடியோ பாட்டரி, 1920ல ஆங்கிலேய மட்கலக் கலைஞர் பெர்னார்ட் லீச்சும் ஜப்பானிய மட்கலக் கலைஞர் ஷோஜி ஹமாதாவும் இங்கிலாந்துல செயின்ட் ஐவ்ஸ்ல போட்ட பட்டறையும் இந்த வழிலதான். அதனால சொல்லுக்குள்ள ஆள் தெரியணும்.

இப்படி ஒருத்தரே செஞ்ச, பரிமாற வைக்கிற அகலமான தட்டு ஒண்ணைக் கவுத்துப் பாருங்க, அந்த ஆள் தெரிவார். அடிவளையத்துல மட்டும் பூச்சு இருக்காது, இருந்தா சூளைல உருகிப் பலகையோட ஒட்டிக்கும்னு செஞ்சவர் துடைச்சு விட்டிருப்பார், பக்கத்துலயே அவரோட முத்திரை. நிமிர்த்தி உள்ள தடவினா விரல் ஓடின சுழல்வரி கைக்குத் தட்டுப்படும், விளிம்புல பூச்சு மெலிஞ்சு மண் நிறம் எட்டிப்பார்க்கும், வரிக்குள்ள தேங்கின இடத்துல நிறம் அடர்த்தியா நிக்கும். இவ்வளவு அகலம் வனையறது லேசுப்பட்ட வேலையும் இல்ல, விளிம்பு முதல்ல காஞ்சு நடு ஈரமா நின்னா கோணிக்கும், இல்ல விரிசல் விடும், அதனால விளிம்பை மூடி வெச்சு மெதுவாத்தான் காயவிடுவாங்க.

'மட்பாண்டம்'னா தண்ணி கசியற பானைதான் பலருக்கு மனசுல வரும். ஆனா ஸ்டூடியோ பாட்டரில நிறைய வர்ற ஸ்டோன்வேர்ங்கற கெட்டியான வகை சுமார் 1200 டிகிரி செல்சியஸ், அதுக்கு மேலயும் சுட்டு இறுகினது, அப்படிக் கசியாது. 'கைவினை'ன்னா கூடை, பாய் எல்லாம் சேர்ந்துடுது.

மண்ணைக் கலமா ஆக்கறதுக்கு 'வனை'ங்கற சொல் நம்மகிட்ட ஏற்கெனவே இருக்கு, சங்க நூலான மலைபடுகடாத்துல குயவர் சக்கரம் 'வனைகலத் திகிரி'ன்னே வருது. வனைகலம்னு மட்டும் விட்டா எல்லாப் பானைசட்டியும் அதுல அடங்கிடும், அதனாலதான் வனைஞர் கலம்ங்கறேன். சக்கரம் இல்லாம தகடா உருட்டிச் செய்யறதுக்கு இது பொருந்துமான்னு கேட்கலாம், வனைதலுக்கு உருவாக்குதல்ங்கற பொதுப்பொருளும் இருக்கே, தாராளமாப் பொருந்தும்.

தட்டுக்குப் 'பரிமாறு கலம்' போதும். கிளேஸுக்கு 'கண்ணாடிப்பூச்சு' வெச்சுக்கலாம், சூளைல உருகி ஆறினா அது நிஜமாவே கண்ணாடிதான். 'மெருகு' வேண்டாம், தேய்ச்சுப் பளபளப்பாக்கறதுக்கு அந்தச் சொல் தேவைப்படுது. வனைஞர் கலம் சேர்த்து எழுதணுமா பிரிச்சா, இலக்கணம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.