மறு: 'கூட்டு விகுதி' வேண்டாம், 'திரள்விகுதி' எப்படி?

> ஸ்லாவிய மொழிகளின் -னிக் என்பதைக் 'கூட்டு விகுதி' என்றே சொல்லிவிடலாமே?

ஐயா, வணக்கம்.

இரண்டு விகுதிகள் ஒட்டி, பிரிக்க முடியாத ஒரே விகுதியாகிவிட்டால் அதைத் தமிழில் எப்படி அழைப்பது என்பதுதானே நம் கேள்வி. 'கூட்டு விகுதி' எனக்கு ஒட்டவில்லை. கூட்டு என்றால் உள்ளே இருப்பவை தனித்தனியாகத் தெரியவேண்டும். -னிக்கில் தெரிவதில்லை, சிக்கலே அதுதான்.

பழைய ஸ்லாவியத்தில் கிரேஹ் என்றால் பாவம் (ஈற்றுக் குற்றொலியை விட்டுவிட்டு எழுதுகிறேன்). அதோடு -இன் சேர்ந்தால் கிரேஷின், 'பாவமுள்ள' என்னும் பெயரடை. அந்த இகரம் பட்டுத்தான் ஹகரம் ஷகரமானது. அதன்மேல் -இக் ஏறினால் கிரேஷினிக், பாவி. இதுவரை நம் 'அரசர்கள்' மாதிரிதான். விகுதிமேல் விகுதி என்று சொல்லிவிட்டுப் போகலாம். அப்புறம் ஏறக்குறைய 12ஆம் நூற்றாண்டுவாக்கில் ரஷ்யப் பக்கம் அந்தக் குறுகிய இகரம் தேய்ந்து விழுந்தது. இன்று கிரேஷ்னிக். பேசுகிறவர் காதில் -னிக் ஒரே துண்டு.

ஒரே துண்டுதான் என்பதற்கு ரஷ்யத்திலேயே சான்று உண்டு. உச்சீத்தெல் என்றால் ஆசிரியர், உச்சீத்தெல்னித்ஸா ஆசிரியை. -னிக்கின் பெண்பால் இணையான -னித்ஸா, நடுவில் பெயரடை எதுவும் கேட்காமல் நேரே பெயரில் போய் ஒட்டிக்கொண்டது. வெளியாருக்கும் அப்படித்தான் கேட்டிருக்கிறது. 1957 அக்டோபர் 4இல் சோவியத்தின் செயற்கைக்கோள் ஸ்புட்னிக் பறந்தது. அடுத்த ஆண்டே சான்பிரான்சிஸ்கோ பத்தி எழுத்தாளர் ஹெர்ப் கேன், மரபை மீறிய 'பீட்' தலைமுறை இளைஞர்களுக்கு அந்த -னிக்கை ஒட்டி 'பீட்னிக்' என்று கேலிச்சொல் செய்துவிட்டார். அவர் -இன், -இக் என்று பிரித்தா பார்த்தார்?

 

முதலில் 'ஒன்றிய விகுதி' என்றுதான் யோசித்தேன். இழை அரசியலாகிவிடும் என்று விட்டுவிட்டேன். திரள்விகுதி பொருந்துகிறது: கடையும்போது பொட்டுப் பொட்டாக மிதக்கும் வெண்ணெய் திரண்டு உருண்டையானபின் எந்தப் பொட்டு எது என்று கேட்க முடியாது. 'மக்கள் திரள்' நினைவில் வந்து, பலவற்றைச் சேர்த்துச் சொல்லும் விகுதி என்று யாராவது தவறாக எடுத்துக்கொள்ளலாம், அந்த ஆபத்து உண்டுதான். காமென் (கல்) என்பதிலிருந்து காமெனியெ (கற்கள் மொத்தமாக) வருவதுபோல ஸ்லாவியத்தில் அந்த வகையும் இருக்கிறது. அதற்குத் 'தொகுதி விகுதி' என்று வைத்துக்கொள்வோம்.

சரி, நம் 'எழுத்தாளர்', 'ஒருங்கிணைப்பாளர்' ஆகியவற்றின் -ஆளரையும் இதில் சேர்க்கலாமா? ஆள், அர் இரண்டும் சேர்ந்ததுதான். ஆனால் எழுத்தாளன் என்றதும் அர் கழன்று விழுந்துவிடுகிறதே. எனக்கு அது அரைத்திரள்தான்.