3 வருட இடைவெளி: கராத்தே வகுப்புக்கு மறுபடி போக எந்த அளவில் தொடங்குவது?

பின்வரிசை கேட்டது:

ஷோடோகான் கராத்தே, பிரவுன் பெல்ட்டில் (கருப்புக்கு முந்தைய தரம்) நின்றுபோய் 3 வருடம். வயது 38. நடுவில் இரண்டு முறை திரும்பப் போயும், முதல் வாரமே முழு வகுப்பையும் செய்ததில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு படி இறங்க முடியாமல் விட்டாச்சு. தொடக்கநிலைக் கட்டாக்களான (தனியாகச் செய்யும் அசைவு வரிசை) ஹெயான் ஐந்தும் ஞாபகம் இருக்கிறது. அடுத்த நிலைக் கட்டாவான பஸ்ஸாய் தாய் பாதியில் அறுந்துவிடுகிறது. மவாஷி கெரி (சுழற்றி உதைப்பது) இடுப்புக்கு மேல் ஏறமாட்டேன் என்கிறது. எவ்வளவில் தொடங்குவது? பழைய பெல்ட்டையே கட்டலாமா? நாலாவது வாரம் வரும் அலுப்புக்கு என்ன வழி?

தசைநாண் பதில்:

இடைவெளியில் எல்லாமே ஒரே வேகத்தில் போவதில்லை. முதலில் போவது மூச்சு. இரண்டு மூன்று வாரத்திலேயே இறங்க ஆரம்பித்துவிடும். தசை பலம் இன்னும் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும். உதைக்கும் முறை வருடக்கணக்கில் மறக்காது, வம்பே அதனால்தான். மூளை பழைய வேகத்தில் உதைக்கச் சொல்லும், அதைத் தாங்க வேண்டிய தசைநாண் (தசையை எலும்போடு இணைப்பது) தயாராக இருக்காது. பயிற்சியைத் திரும்ப எடுத்தால் தசை சில வாரத்தில் தேறிவிடும், தசைநாணுக்கு மாதக்கணக்கு ஆகும். 'பழையபடி ஆகிட்டோம்' என்று தோன்றுகிற அந்த ஒன்றரை மாதத்தில்தான் தொடையின் பின்தசையும் குதிகால் நாணும் அடிவாங்கும்.

முதல் 2 வாரம்: வாரம் இரண்டு நாள், 30 முதல் 40 நிமிடம். மாயே கெரி (நேராக முன்னால் உதைப்பது), மவாஷி கெரி காலுக்குப் பத்து, இரண்டு சுற்று, தொடை உயரத்துக்கு மேல் வேண்டாம். குதிப்பு கிடையாது. 3, 4 வாரம் இடுப்பு உயரம். வேகத்தையும் உயரத்தையும் ஒரே வாரத்தில் கூட்டாதீர்கள். கெண்டைக்காலுக்கு: படியின் விளிம்பில் முன்பாதத்தில் நின்று, இரண்டு காலாலும் எழும்பி, ஒற்றைக் காலால் 3 விநாடியில் இறங்குங்கள். 8 முறை, இரண்டு சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள்.

மவாஷி கெரி ஏறாததற்கு இடுப்பு இறுக்கம் பாதிக் காரணம். மீதி, ஊன்றிய பாதம். உள்ளங்கால் பழக்கம் விட்டுப்போய்த் தரையைப் பிடித்துக்கொள்ளும். பாதம் திரும்பாமல் இடுப்பு மட்டும் திரும்பினால் அந்த முறுக்கு முழுக்க முழங்காலில் இறங்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு முழங்காலைத் தூக்குங்கள், ஊன்றிய காலின் குதிகாலை இலக்குப் பக்கம் திருப்புங்கள், பிறகே காலை விரியுங்கள். குதிகால் திரும்பாத உதையைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

வலி ஒன்றிரண்டு நாள் உச்சத்தில் இருந்து தானே குறைந்தால் பயப்பட வேண்டாம். ஒரே புள்ளியில் குத்தினால் நிறுத்துங்கள். சிறுநீர் கறுத்துப் போனால் அன்றே மருத்துவமனை. தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கிற நிலையாக இருக்கலாம்.

கட்டாப்பித்து பதில்:

மேலே சொன்னதோடு ஒன்று: உதைக்கு முன்னால் காலை நீட்டி நிமிடக்கணக்கில் பிடித்து நிற்காதீர்கள், வேகம் குறையும். முன்னால் கால் வீச்சு, இடுப்புச் சுழற்சி போதும். 30 விநாடி பிடித்து நிற்பதெல்லாம் வகுப்பு முடிந்த பிறகு.

பஸ்ஸாய் தாயை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்குவதால்தான் அதே இடத்தில் அறுகிறது. தெரிந்த பாதி இன்னும் மெருகேறும், தெரியாதது அப்படியே கிடக்கும். கடைசி நாலு அசைவை முதலில் எடுங்கள். அடுத்த நாள் அதற்கு முந்தைய நாலு. இப்படிப் பின்னாலிருந்து வந்து, ஞாபகம் இருக்கிற பகுதியோடு முடிச்சுப் போடுங்கள்.

ஹெயானில் முதலாவதான ஹெயான் ஷோதானைச் சின்னப் பிள்ளைகள் கட்டா என்று ஒதுக்காதீர்கள். 21 அசைவு, ஒரு நிமிடம்கூட ஆகாது, எங்கே துரு ஏறியிருக்கிறது என்று காட்டிக்கொடுத்துவிடும். 10ஆவது, 18ஆவது அசைவில் 270 பாகைத் திருப்பம் வருகிறது. இடுப்பு இறுகியிருந்தால் நகரும் கால் போய்ச்சேராமல் நின்ற காலின் நேர்கோட்டிலேயே விழும். 10ஆவதில் ஜென்குட்சு தாச்சியின் (முன்காலை மடக்கிய நீண்ட நிலை) அகலம் போய் உடம்பு ஆடும். தள்ளாட்டத்துக்குக் கணுக்காலைக் குறைசொல்லிப் பயனில்லை. அந்தக் காலை ஒரு அடி அகலமாகப் போடுங்கள், சரியாகிவிடும்.

கருப்புநூல் பதில்:

பெல்ட்டைத் தாராளமா கட்டுங்க. வாங்கின தரம் காலாவதி ஆகாது. வெள்ளை கட்டிப் பணிவு காட்டுறேன்னு போனா, புதுசா சேர்ந்தவங்களோட ஜோடி சேர்த்துவிடுவாங்க. திரும்பி வர்றவருக்கு அவங்கதான் ஆபத்து. அடியை நிறுத்தத் தெரியாது. சென்சாய்கிட்ட (மாஸ்டர்) முதல் நாளே மூணு விஷயம் சொல்லிடுங்க: எத்தனை வருஷ இடைவெளி, எங்க வலி, எத்தனை நிமிஷத்துல ஒதுங்கி நிக்கப் போறீங்கன்னு.

இலவசக் குமிதே (எந்த அடின்னு சொல்லிவைக்காம ஜோடியா மோதுறது) 6 வாரத்துக்கு வேண்டாம். உதை வந்தாலும் தூரக்கணக்கு வராது. அரை அடி உள்ளே போய் நின்னு முகத்துல வாங்குவீங்க. கோஹோன் குமிதேல (சொல்லிவெச்ச அஞ்சு அடி) தொடங்கி, அடுத்து கிஹோன் இப்போன் (சொல்லிவெச்ச ஒரே அடி), அதுக்கு மேல ஜியூ இப்போன் (நகர்ந்துகிட்டே சொல்லிவெச்ச ஒரே அடி).

அலுப்பு பத்தி: மூச்சு தேறுறது முதல் மூணு வாரம் கண்ணுக்குத் தெரியும், நாலாவதுல தெரியாது. அதான் விட்டுடத் தோணுது. ஒரு நோட்டுல ரெண்டே எண் எழுதுங்க: ஹெயான் அஞ்சையும் இடைவிடாம செஞ்சு முடிச்ச நேரம், அதுக்கப்புறம் ஒரு நிமிஷம் கழிச்சு நாடித்துடிப்பு. வாரம் ஒரு தடவை, ஒரே நாள், ஒரே வேகம். மனசு வராத நாளைக்குக் குறைந்தபட்சம்னு ஒண்ணு வெச்சுக்குங்க. கீ (கராத்தே உடுப்பு) மாட்டி ஒரு ஹெயான் ஷோதான், அவ்வளவுதான். கீ மாட்டாம செய்யறதைக் கணக்குல எடுக்காதீங்க. மாட்டிட்டா பெரும்பாலும் இருபது நிமிஷம் ஓடிடும்.

பின்வரிசை:

நன்றி. வகுப்பில் உடம்பு சூடேற்றவே குதிப்பும் தவளைத் தாவலும்தான். அதை எப்படிச் சமாளிப்பது?

தசைநாண்:

குதிப்புக்குப் பதில் அதே தாளத்தில் குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். தவளைத் தாவல் நடக்கும்போது கிபா தாச்சியில் (குதிரைமேல் உட்கார்ந்தது போல் காலை அகட்டி நிற்பது) நில்லுங்கள், 20 விநாடி நின்று 20 விநாடி ஓய்வு. முழங்கால் கட்டைவிரலுக்கு உள்ளே சாயத் தொடங்கியதும் எழுந்துவிடுங்கள், எண்ணி முடிக்காவிட்டாலும்.