மசாஜ் சிகிச்சையாளராக 60 வயது வரை பணியாற்ற முடியுமா?

கேள்வி: கோவைவாசி

வணக்கம். நர்சிங் தெரபி பட்டயப் படிப்பை முடித்துவிட்டு ஓர் ஆயுர்வேத நிலையத்தில் பணிபுரிகிறேன். வேலை பிடித்திருக்கிறது, ஆனால் மாலையானால் வலக் கட்டைவிரலின் அடியிலும் மணிக்கட்டிலும் வலி எடுக்கிறது. உடன் பணிபுரிந்த இருவர் இதே காரணத்தால் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள். நெடுங்காலம் இத்தொழிலில் நீடித்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில்: எண்ணெய்க்கிண்ணம்

தம்பி, முதலில் கட்டிலின் உயரத்தைப் பாருங்கள். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், மடக்கிய விரல்களின் முட்டி கட்டிலின் மேற்பரப்பைத் தொட வேண்டும். அதைவிடத் தாழ்ந்திருந்தால் இடுப்பும், உயர்ந்திருந்தால் தோளும் கெடும். எண்ணெய்ச் சிகிச்சைக்குப் படுக்கவைக்கும் மரப்பாத்தியின் உயரத்தை மாற்ற இயலாது என்பதால், அது உயரமாக இருந்தால் காலுக்கடியில் பலகை போட்டுக்கொள்ளுங்கள். கால்களை முன்பின்னாக ஊன்றி உடலைச் சாய்த்தால் எடையே அழுத்தத்தைக் கொடுக்கும். கை அதைக் கொண்டுசேர்த்தால் போதும். சித்த மருத்துவத்தில் உடலைப் பிடித்துவிடும் முறையான தொக்கணத்தில் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், அசைத்தல் முதலான ஒன்பது முறைகள் இருக்கும்போது, நாள் முழுவதும் கட்டைவிரலால் அழுத்தலை மட்டுமே செய்பவரின் கை எப்படித் தாங்கும்? ஆழ்ந்த அழுத்தம் தேவைப்படும் முதுகு, தொடை போன்ற இடங்களுக்கு முன்கையைப் பயன்படுத்துங்கள்.

பதில்: சித்த மருத்துவர்

கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற விரல்களால் மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்த்துப் பாருங்கள். சுரீரென்று வலித்தால், டி குவெர்வெயின் எனப்படும் தசைநாண் உறை பாதிப்பாக இருக்கலாம். எண்ணெய் தடவிக்கொண்டு வேலையைத் தொடராமல் மருத்துவரிடம் காட்டுங்கள். இன்னொன்று: ஒரு காலின் ஆடுதசை மட்டும் வீங்கிச் சூடாக இருக்கும் நோயாளியைத் தொடாமல் மருத்துவரிடம் அனுப்பத் தெரிந்த சிகிச்சையாளரையே நாங்கள் தேடுகிறோம், ஏனெனில் சிரைக்குள் இரத்தம் உறைந்திருந்தால் பிடித்துவிடுவதே ஆபத்தாகிவிடும்.

பதில்: பழைய தெரபிஸ்ட்

நுட்பம் தேவைதான், ஆனால் அது மட்டும் போதும் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. வெதுவெதுப்பான எண்ணெயை உடலெங்கும் பிழிந்து ஊற்றித் தேய்க்கும் பிழிச்சிலுக்குக் குறைந்தது இருவராவது நிற்க வேண்டிய இடத்தில் ஒருவரையே நிறுத்தி, இடைவேளையின்றி அடுத்தவரை அனுப்பும் நிர்வாகத்தில் எவருடைய உடலும் நிலைக்காது. தேசிய ஆயுஷ் திட்டத்தின் கீழ் அறிவிக்கப்படும் சிகிச்சை உதவியாளர் பணிகளுக்கு நர்சிங் தெரபி பட்டயத்தைத் தகுதியாகக் கேட்கிறார்கள். ஆனால் அவை ஒப்பந்தப் பணிகள், தொகுப்பூதியம்தான் கிடைக்கும் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். நான் நாற்பதைக் கடந்தபின், பக்கவாதத்திலிருந்து மீள்பவர்களுக்கு மருத்துவரின் பரிந்துரைப்படி வீட்டுக்குச் சென்று சிகிச்சை அளிப்பதையும், புதியவர்களுக்குப் பயிற்சி தருவதையும் மேற்கொண்டேன்; பார்க்கும் நோயாளிகள் குறைந்தாலும் வருமானம் பெரிதாகக் குறையவில்லை. அடுத்த நேர்காணலில் சம்பளத்தைக் கேட்பதற்கு முன், ஒரு நாளைக்கு எத்தனை பேர், பிழிச்சிலுக்கு எத்தனை கைகள் என்று கேளுங்கள்.