வெளிநாட்டுத் தெருவில் ஆட்களைப் படம் எடுப்பது: கேட்டுவிட்டா, கேட்காமலா?

கேள்வி

வணக்கம். போன வருடம் மொராக்கோ போய் வந்தேன். பத்து நாளில் இரண்டாயிரத்துக்கும் மேல் படங்கள். திரும்பி வந்து பார்த்தால் பாதிக்கு மேல் யாரோ ஒருவருடைய முதுகு. மீதி எல்லாம் தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுத்துக் காட்டும் 70-200 ஜூம் லென்ஸில் எங்கோ தள்ளி நின்று எடுத்தவை. முகம் இருக்கிறது, ஆனால் அந்த ஆளும் நானும் ஒரே தெருவில் நின்ற மாதிரியே இல்லை. மராகேஷில் சாயத் தொழிலாளர்கள் இருக்கும் சந்தில் நான் கேமராவைத் தூக்கியதுமே ஒரு அம்மா முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு திரும்பிவிட்டார். நான் எடுக்கவில்லை, ஆனாலும் அது இன்னும் உறுத்துகிறது. அப்புறம் மூன்று நாள் கதவையும் பூனையையும் எடுத்துக்கொண்டு திரிந்தேன்.

அடுத்த மாதம் ஜப்பானில் கியோட்டோ போகிறேன். கடை திறப்பவர், பேருந்துக்குக் காத்திருப்பவர் என்று அன்றாட வாழ்க்கையை எடுக்கத்தான் ஆசை. கேட்டால் எல்லோரும் விறைப்பாக நின்று லென்ஸைப் பார்க்கிறார்கள். கேட்காமல் எடுத்தால் எதையோ திருடுகிற மாதிரி இருக்கிறது. நீங்கள் எல்லாம் எப்படிச் செய்கிறீர்கள்?

பதில் 1

முதலில் அந்த 70-200ஐ அறையிலேயே விட்டுவிட்டுக் கிளம்புங்கள். தூரத்திலிருந்து எடுத்தால் தூரம்தான் படத்தில் விழும். அகலமாகக் காட்டும் 35 மி.மீ. லென்ஸ் ஒன்று போதும். லென்ஸின் துளை அளவை எஃப்/8இல் வைத்து, ஃபோகஸை 3 மீட்டரில் நிறுத்திவிட்டால், முழு ஃபிரேம் கேமராவில் (சென்சார் பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவு இருப்பது) ஏறக்குறைய 2 மீட்டரிலிருந்து 7 மீட்டர் வரை தெளிவாக வரும், ஷட்டர் திறந்து மூடும் வேகம் மட்டும் 1/250 நொடியை விட மெதுவாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபோகஸைத் தேடுகிற வேலை இல்லாததால் கண் முழுக்க ஆட்கள் மேல் இருக்கும்.

அடுத்தது, நடந்துகொண்டே எடுக்காதீர்கள். வெளிச்சம் நன்றாக விழும் ஒரு மூலையைப் பிடித்து அரை மணி நேரம் நில்லுங்கள். முதல் பத்து நிமிடம் எல்லோரும் உங்களைப் பார்ப்பார்கள், பிறகு விட்டுவிடுவார்கள். கேமரா மார்பில் எல்லோருக்கும் தெரியும்படி தொங்கட்டும். ஒளித்து வைத்து எடுக்கிறவரைப் பார்த்தால்தான் யாருக்கும் கோபம் வரும்.

கேட்டால் விறைத்து நிற்கிறார்கள் என்றீர்களே, அதற்கு நான் செய்வது இதுதான்: அந்த விறைப்பான படத்தையும் எடுத்துவிடுவேன், காட்டுவேன், நன்றி சொல்வேன், ஆனால் கிளம்ப மாட்டேன். அவர் தன் வேலைக்குத் திரும்புவார் பாருங்கள், அப்போது வருவதுதான் படம். நான் அங்கே நிற்பது அவருக்குத் தெரியும், ஆனால் அதைப் பற்றி அவருக்கு இப்போது கவலை இல்லை.

பதில் 2

மேலே சொன்னது சரி, ஆனால் சட்டத்தையும் பார்த்துவிட்டுப் போங்கள், நாட்டுக்கு நாடு ரொம்ப மாறும். ஹங்கேரியில் 2014இல் வந்த சிவில் சட்டப்படி, கூட்டத்தைத் தவிர, படம் எடுப்பதற்கே சம்பந்தப்பட்டவரின் சம்மதம் வேண்டும். கனடாவின் க்யூபெக்கில், படிக்கட்டில் உட்கார்ந்திருந்த 17 வயதுப் பெண்ணின் படத்தைக் கேட்காமல் ஒரு பத்திரிகையில் போட்டதற்காக 2,000 டாலர் இழப்பீடு தர வேண்டும் என்று கனடா உச்ச நீதிமன்றம் 1998இல் உறுதி செய்தது. கேலி செய்யும் படமோ அவமானப்படுத்தும் படமோ இல்லை, அவர் சும்மா உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான்.

கியோட்டோவில் கெய்ஷாக்கள் வேலை செய்யும் பழைய பகுதியான கியோன் பக்கம் கவனம். அங்கே சில சின்னச் சந்துகள் தனியார் பாதைகள், படம் எடுத்தால் 10,000 யென் என்று 2019இல் குடியிருப்பவர்களே பலகை வைத்தார்கள். 2024இல் சில சந்துகளுக்குள் சுற்றுலாப் பயணிகள் வரவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வேலைக்குப் போகும் கெய்ஷாக்களையும் (பாரம்பரிய ஆடல் பாடல் கலைஞர்கள்) மைக்கோக்களையும் (பயிற்சியில் இருப்பவர்கள்) துரத்தித் துரத்தி எடுத்ததுதான் காரணம். தயவுசெய்து அந்தக் கூட்டத்தில் ஒருவராகிவிடாதீர்கள்.

பதில் 3

முதல் பதிலில் ஒரு விஷயத்தை மட்டும் நான் ஏற்கவில்லை. அரை மணி நேரம் நின்றால் ஆட்கள் விட்டுவிடுவார்கள் என்பது உண்மைதான், ஆனால் அது சம்மதம் ஆகாது. அவர்களுக்கு வேறு வழி இல்லாமலும் இருக்கலாம், கடை அங்கேதானே இருக்கிறது. அதனால் முகம் தெளிவாகத் தெரியும் படம் என்றால் எடுத்த பிறகாவது போய்க் காட்டுவேன். வேண்டாம் என்றால் அவர் கண் முன்னாலேயே அழிப்பேன். நல்ல படங்கள் சில அப்படிப் போயிருக்கின்றன, மனசு வலிக்கும், ஆனாலும் அழிப்பேன்.

1985இல் நேஷனல் ஜியாகிரபிக் அட்டையில் வந்த அந்த ஆப்கானியச் சிறுமியை எல்லோருக்கும் தெரியும். பாகிஸ்தானில் ஒரு அகதி முகாமில் 1984இல் எடுத்த படம். உலகமே பார்த்த அந்தப் படத்தை, 2002இல் அவரைத் தேடிக் கண்டுபிடித்துக் காட்டும் வரை அவர் பார்த்ததே இல்லை. இதைப் படித்ததிலிருந்து நான் பையில், எடுத்த உடனே படத்தைக் காகிதத்தில் தரும் ஒரு இன்ஸ்டாக்ஸ் மினி கேமராவும் வைத்திருக்கிறேன். இரண்டு படம் எடுத்தால் ஒன்று அவருக்கு. ஒன்றரை நிமிடத்தில் படம் தெளிந்துவிடும், அந்த நேரத்தில் மொழி தெரியாமலே எவ்வளவோ பேசிவிடலாம்.

குழந்தைகள் என்றால் பெற்றோரிடம் கேட்காமல் கேமராவைத் தூக்கவே மாட்டேன். நோயாளிகள், சாலையோரம் தூங்குபவர்கள், அழுதுகொண்டிருப்பவர்கள் பக்கம் போகவே மாட்டேன்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. கேட்ட பிறகும் அங்கேயே நிற்கலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை, படம் எடுத்ததும் ஓடிவிடுவேன். ஒன்று மட்டும் சொல்லுங்கள், ஜப்பானிய மொழி ஒரு வார்த்தை தெரியாது, எப்படிக் கேட்பது? சத்தம் வராத ஷட்டர் வைக்கலாமா?

பதில் 3

"ஷாஷின், ஈ தெஸ் கா?" போதும், படம் எடுக்கலாமா என்று அர்த்தம். கேமராவைக் காட்டிச் சிரித்துக் கேளுங்கள். இரண்டு கையையும் குறுக்கே பெருக்கல் குறி மாதிரி வைத்தால் வேண்டாம் என்கிறார், தலையைத் தாழ்த்தி நன்றி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். ஷட்டர் சத்தத்தை அணைக்காதீர்கள். ரகசியமாக எடுப்பவர்களால் வந்த தொல்லையில், அங்கே விற்கும் கைபேசிகளிலேயே பெரும்பாலும் அந்தச் சத்தத்தை நிறுத்த முடியாது.