புதுப்பிப்பு: வேகத்தை விட்டு டிரம்மைக் கேட்டேன்

ஹவுஸ், டெக்னோ, டிரான்ஸ், டப்ஸ்டெப் என்ற மின்னணு நடன இசை வகைகள் எல்லாவற்றையும் வேகத்தை வைத்தே பிரித்துவிடலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். "வேகத்தை விடுங்க, டிரம்மைக் கேளுங்க" என்று பலர் சொன்னீர்கள். மூன்று வாரமாக அப்படித்தான் கேட்கிறேன். நீங்கள் சொன்னது சரி.

டிரான்ஸையும் டப்ஸ்டெப்பையும் அடுத்தடுத்துப் போட்டபோதுதான் புரிந்தது. இரண்டும் நிமிடத்துக்கு ஏறக்குறைய 140 துடிப்பு. மேசையில் விரலால் தட்டிக்கொண்டே நான்கு வரை எண்ணினால், டிரான்ஸில் ஒவ்வொரு எண்ணுக்கும் கிக் (பெரிய டிரம்மின் 'தும்' அடி) விழுகிறது. டப்ஸ்டெப்பில் மூன்றாவது எண்ணில்தான் ஸ்னேர் (கூர்மையாக ஒலிக்கும் சின்ன டிரம்) 'டப்' என்று அறைகிறது. அதனால் பாதி வேகத்தில் நடப்பது போலத் தோன்றுகிறது. மிச்ச இடம் முழுக்க பேஸ், அதாவது அடியில் அதிரும் தாழ்ந்த ஒலி. தெற்கு லண்டனில், க்ராய்டன் பக்கம் வளர்ந்த இசை இது. தயவுசெய்து போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், அந்த பேஸே காணாமல் போய்விடும்.

டிரம் அண்ட் பேஸ் என்ற இன்னொரு வகை சுலபம்: 170-ஐ ஒட்டிய வேகம், உடைந்து உடைந்து ஓடும் டிரம்.

அப்புறம் ஹவுஸும் டெக்னோவும். இரண்டிலும் கிக் ஒரே மாதிரிதான். ஆனால் சிகாகோவின் ஹவுஸ் டிஸ்கோவின் பிள்ளை: கிக்குகளுக்கு நடுவே 'ட்ஸ்' என்று திறக்கும் ஹை-ஹாட் (ஜோடித் தாளத்தட்டு), கைத்தட்டல், பியானோ, உருகிப் பாடும் குரல். டெட்ராய்ட்டில் ஹ்வான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் வளர்த்த டெக்னோவில் சின்தசைசர்தான் பேசுகிறது; பாடும் குரல் அபூர்வம்.

இரண்டும் கலந்த டெக் ஹவுஸை எந்தப் பக்கம் வைப்பது என்று இன்னும் முடிவுக்கு வரவில்லை. இந்த வாரம் அதுதான்.