டெர்பி பக்கம் புதிதாக வந்தவர்களுக்கு: சனி ஞாயிறில் குழந்தைகளை எங்கே கூட்டிப் போவது?

டெர்பி, நாட்டிங்ஹாம் பக்கம் வேலைக்கு வந்து, வீடும் பள்ளிக்கூடமும் ஒரு வழியாக அமைந்ததும் முதலில் எல்லாரும் கேட்பது இதைத்தான். பலர் உடனே லண்டனுக்கு டிக்கெட் போடுகிறார்கள். தாராளமாகப் போய் வாருங்கள். ஆனால் இந்த ஊரைச் சுற்றியே பெரிய பெரிய மாளிகைகள் இருக்கின்றன. "அதெல்லாம் வெள்ளைக்காரர்கள் போகிற இடம், நமக்கு என்ன இருக்கிறது" என்று நம் குடும்பங்கள் ஒதுங்கிவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. நமக்கு அங்கே நிறைய இருக்கிறது.

முதலில் கெடில்ஸ்டன் ஹால் போங்கள். டெர்பியை ஒட்டியே இருக்கிறது. இந்தியாவின் வைஸ்ராயாக இருந்து 1905-இல் வங்காளத்தைப் பிரித்த கர்சன் பிரபுவின் குடும்ப வீடு. கல்கத்தா ராஜ்பவனை இந்த வீட்டின் அமைப்பைப் பார்த்துத்தான் கட்டினார்கள். மார்பிள் ஹாலில் 20 தூண்கள் உயர்ந்து நிற்கும். பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். கீழ்த்தளத்தில் கர்சன் ஆசியாவிலிருந்து கொண்டுவந்த பொருள்களுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. 1903 தில்லி தர்பாரில் அவர் மனைவி உடுத்திய மயில் கவுனும் இந்த வீட்டுடையதுதான். அந்தத் தங்க ஜரிகையும், மயில் கண்களில் பதித்த வண்டுச் சிறகுகளும் நம் நாட்டுக் கைவினைஞர்கள் தைத்தவை. இது யார் உழைப்பு, எப்படி இங்கே வந்தது என்று பத்து வயதுப் பிள்ளையோடு அங்கே நின்று பேசிப் பாருங்கள். பள்ளிப் பாடத்தில் அது கிடைக்காது.

இனி காசு விஷயம். கெடில்ஸ்டன், கால்க் அபே, ஹார்ட்விக் ஹால் மூன்று மாளிகைகளும் நேஷனல் டிரஸ்ட் என்ற, பழைய வீடுகளைப் பராமரிக்கும் அறக்கட்டளை வசம். குடும்ப உறுப்பினர் அட்டை வாங்கினால் நாலைந்து முறை போனாலே போட்ட பணம் வந்துவிடும். அவர்களுடைய பெரும்பாலான இடங்களில் பார்க்கிங்கும் இலவசம். இங்கிலிஷ் ஹெரிடேஜ் என்பது வேறு அமைப்பு, அதற்குத் தனி அட்டை. சாட்ஸ்வொர்த் மாளிகை இந்த இரண்டிலுமே சேராது. பெயர் பெற்ற மாளிகைதானே என்று அட்டையை நம்பிப் போய் வாசலில் நிற்காதீர்கள். ஆனால் சாட்ஸ்வொர்த்தைச் சுற்றிய பெரிய புல்வெளியில் நடக்கவும் ஆற்றங்கரையில் உட்காரவும் டிக்கெட் வேண்டாம், பார்க்கிங் மட்டும் கொடுத்தால் போதும். புளிசாதம் கட்டிக்கொண்டு போக அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

டிக்கெட் வாங்கும்போது "கிஃப்ட் எய்ட் உண்டா?" என்று கேட்பார்கள். இந்த நாட்டில் வருமான வரி கட்டுபவர் சரி என்று சொல்லலாம். நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் 25 பென்ஸ் அரசு அந்த அமைப்புக்குத் தரும். வேலைக்குப் போகாத துணைவர் பெயரிலோ, ஊரிலிருந்து வந்த அப்பா அம்மா பெயரிலோ டிக்கெட் எடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் இருட்டாக இருக்கிறதே என்று தோன்றும். வெயில் பட்டால் துணியும் ஓவியமும் வெளுத்துவிடும், அதனால்தான் திரையை இறக்கி வைக்கிறார்கள். நாற்காலி மேல் காய்ந்த முட்பூவோ பைன் காயோ இருந்தால் "இங்கே உட்காராதே" என்று பொருள். பிள்ளைகளுக்கு வாசலிலேயே இதைச் சொல்லி வைத்துவிடுங்கள். குழந்தைத் தள்ளுவண்டியைப் பல வீடுகளில் உள்ளே விட மாட்டார்கள். அறைக்கு ஒருவராக வயதானவர்கள் நிற்பார்கள், காவலாளி என்று நினைத்துத் தாண்டிப் போகாதீர்கள். பெரும்பாலும் தன்னார்வலர்கள், அந்த வீட்டின் மீது உயிரையே வைத்திருப்பவர்கள். ஒரு கேள்வி கேட்டால் போதும், பலகையில் எழுதாத கதையெல்லாம் வரும். ஆங்கிலம் பேசத் தயங்குகிறவர்களுக்கு இதைவிடப் பொறுமையாகக் கேட்கிற ஆட்கள் கிடைக்க மாட்டார்கள்.

குளிர்காலத்தில் சில வீடுகளை மூடிவிடுவார்கள், தோட்டம் மட்டும் திறந்திருக்கும். கிளம்பும் முன் அன்றைய நேரத்தைப் பாருங்கள். வழிகாட்டியில் போடும் போஸ்ட்கோடு சில சமயம் தப்பான வாசலில் கொண்டு விடும், சாலையோரப் பழுப்பு நிறப் பலகைகளைப் பின்பற்றுங்கள். சேறு இருக்கும், வெல்லீஸ் (ரப்பர் பூட்ஸ்) காரிலேயே கிடக்கட்டும்.

கார் இன்னும் வாங்கவில்லையா? டெர்பியிலிருந்து மேட்லாக் ரயிலில் ஏறி கிராம்ஃபர்டில் இறங்குங்கள். தண்ணீர் விசையால் பஞ்சு நூற்க ஆர்க்ரைட் 1771-இல் தொடங்கிய ஆலை அங்கே இன்னும் நிற்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி 1639-இல் மதராஸில் இடம் பிடித்ததே நம் கரையோரத்துத் துணிக்காகத்தான். பிறகு இதுபோன்ற ஆலைகளின் நூலும் துணியும் நம் ஊருக்கே வந்து இறங்கின, கைராட்டையும் தறியும் நொடித்தன. ஆலையைப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கால்வாய்க் கரையில் நடக்கலாம், அதற்குக் கட்டணம் இல்லை. 5 முதல் 15 வயதுப் பிள்ளை கூட வந்தால் ஃபேமிலி அண்ட் ஃப்ரெண்ட்ஸ் ரயில்கார்டு எடுத்துக்கொள்ளுங்கள்: பெரியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு 60 சதவீதம் குறையும்.