‘பைனரி ஈவென்ட்’: கவை என்று சொல்லலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

உயிரித்தொழில்நுட்பப் பங்குகள் பற்றிய கட்டுரைக்கு ‘போர்ட்ஃபோலியோ’வைப் ‘பங்குத்தொகுப்பு’ என்றே வைத்துக்கொள்வோம். அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் ‘பைனரி ஈவென்ட்’டுக்கு, அதாவது பங்கு விலையை ஒரேயடியாக ஏற்றவோ இறக்கவோ செய்யும் ஒற்றை முடிவுக்கு, இங்கே பரிந்துரையாக வந்த ‘இரும நிகழ்வு’ வேண்டாம். இருமம் என்றதும் கணினியின் 0, 1 நினைவுக்கு வரும். போதாததற்கு, மருந்து பற்றிய கட்டுரையில் ‘இரும’ என்று எழுதினால் இருமல் என்றுதான் முதலில் படிப்பார்கள்.

சொல்லுக்கு முன் பொருளைப் பார்ப்போம். பயோஜென் நிறுவனத்தின் அல்சைமர் மருந்து அடுகானுமாப். பலன் தெரிய வாய்ப்பில்லை என்று 2019 மார்ச் 21 அன்று சோதனைகளை நிறுத்துவதாக அறிவித்தார்கள். பங்கு அன்றே சுமார் 29 சதவீதம் விழுந்தது. பிறகு சோதனைத் தரவுகளை வேறு கணக்கில் பார்த்து மருந்தை மீண்டும் கையில் எடுத்தார்கள். 2020 நவம்பர் 4 அன்று எஃப்டிஏ (மருந்துகளுக்கு அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பு) அலுவலர்களின் சாதகமான ஆவணம் வெளியானது, சுமார் 44 சதவீத ஏற்றம். 6ஆம் தேதி எஃப்டிஏவின் ஆலோசனைக் குழு எதிராக வாக்களித்தது, அடுத்த வணிக நாளில் சுமார் 28 சதவீத இறக்கம். 2021 ஜூன் 7 அன்று அனுமதி, சுமார் 38 சதவீத ஏற்றம்.

விலை இங்கே படியிறங்கி வருவதில்லை, தாவுகிறது. ‘இந்த விலைக்கு வந்தால் விற்றுவிடு’ என்று தரகரிடம் ஸ்டாப் லாஸ் போட்டு வைத்திருந்தாலும் அந்த விலை கிடைக்காது. செய்தி வருவதற்கு முன்பே அந்தப் பங்கில் எவ்வளவு பணம் இருக்கலாம் என்று தீர்மானிப்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. அதனால்தான் இந்த ஒரு சொல்லுக்காக இவ்வளவு எழுதுகிறேன்.

என் பரிந்துரை ‘கவை’. கிளை இரண்டாகப் பிரியும் இடம். ஊர்ப்பக்கம் கவட்டை என்பதும் இதன் உறவுதான். கவையில் வந்து நின்றால் ஏதாவது ஒரு பக்கம்தான் போக முடியும், நடுவே வழி கிடையாது. ‘இரட்டை முடிவு’ என்றால் இரண்டும் நடக்கும் என்று பொருள்படும், அது தவறு.

ஒரு நண்பர் கேட்டிருந்தார்:

> ‘கெடுநாள்’ போதாதா? எல்லோருக்கும் தெரிந்த சொல் ஆயிற்றே.

போதாது ஐயா. எஃப்டிஏ முடிவு சொல்ல வேண்டிய தேதிக்குக் ‘கெடு’ சரியாக இருக்கும். சோதனை முடிவுக்கு அப்படிக் கெடு கிடையாது. 2019 மார்ச் அறிவிப்பு எந்தக் கெடுவுக்காகவும் காத்திருக்கவில்லையே. நிகழ்வுக்குக் ‘கவை’, தேதி தெரிந்திருந்தால் ‘கவைநாள்’ என்று பிரித்துக்கொள்ளலாம்.

சரி, வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்:

“கவைக்கு முன் பாதிப் பங்குகளை விற்றுவிட்டார்.”

“தொகுப்பில் உள்ள மூன்று நிறுவனங்களுக்கும் ஒரே மாதத்தில் கவைநாள் வருகிறது.”

எனக்கு உறுத்தவில்லை. ‘கவை’ உங்கள் ஊர்ப் பேச்சில் இன்னும் புழங்குகிறதா? குறிப்பாக ஈழத்து நண்பர்கள் சொல்ல வேண்டும். வேறு பொருளில் புழங்கினால் அதையும் எழுதுங்கள், மாற்றிக்கொள்ளலாம்.